தாத்தாவின் பெயரைச் சொன்னால் வழக்கு வருமா?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து 27 வயது ஓவியர் ஒருவர் வக்கீலான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவருடைய தாத்தா நாடகக் கம்பெனிகளுக்கும் போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் படுதா, அதாவது பின்னணித் திரை, எழுதியவர். அரண்மனைப் படிக்கட்டு, தாமரைக் குளம், தூரத்தில் ஒரு கோபுரம். அந்தப் படுதாக்களின் முன்னால் நின்று ஊரே போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறது. பேத்தி கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்து, அதே படுதாக்களை மையமாக வைத்து 14 ஓவியங்கள் தீட்டியிருக்கிறார். ஒன்பது, சொந்த வீட்டு ஆல்பத்துப் படங்களிலிருந்து வந்தவை. மூன்று, பழைய சாமான் கடையில் வாங்கிய முகம் தெரியாத மனிதர்களின் போட்டோக்களை புரொஜெக்டரில் போட்டு வெளிக்கோடு எடுத்து வரைந்தவை. மீதி இரண்டில் காலண்டர் முருகன் வருகிறார்: ஒன்றில் காலண்டரையே கிழித்து ஒட்டியிருக்கிறார், இன்னொன்றில் அந்த முருகனை அப்படியே பெரிதாக வரைந்திருக்கிறார்.

ஆறு வாரத்தில் முதல் தனிக் கண்காட்சி. "ஏன் வரைகிறீர்கள், உங்களைப் பாதித்தவர்கள் யார்" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேலரி கேட்டிருக்கிறது. இந்த நேரம் பார்த்து மூத்த ஓவியர் ஒருவர், "என் பாணியைத் திருடிவிட்டாள், வக்கீல் நோட்டீஸ் வரும்" என்று முகநூலில் எழுதிவிட்டார். நண்பர் ஒருவர் சொன்ன யோசனைகள்: யார் பெயரையும் எழுதாதே, எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம், 30 சதவீதம் மாற்றியிருந்தால் படம் உன்னுடையது, எதற்கும் அந்தப் பழைய போட்டோக்களை எரித்துவிடு. இதோடு கேலரியின் ஒப்பந்த நகலையும், தான் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் இணைத்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஓவியருக்கு,

முதலில் அவசரமான விஷயம். எதையும் எரிக்காதீர்கள். போட்டோ, புரொஜெக்டருக்காக எடுத்த நகல், ஸ்கெட்ச் புத்தகம், செல்போனில் இருக்கும் பாதி முடித்த ஓவியங்களின் படங்கள், தாத்தாவின் வண்ணக் குறிப்புகள், எல்லாம் இருக்கட்டும். உங்கள் நண்பருக்கு உங்கள்மேல் அக்கறை உண்டு, சட்டம்தான் தெரியவில்லை. கையில் இருந்த சான்றை ஒருவர் நீதிமன்றத்தில் காட்டாமல் விட்டால், அது அவருக்கு எதிரானதாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்க சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. எரித்தது தெரியவந்தால் கேட்கவே வேண்டாம். "இந்தப் படம் எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்டால், தேதியோடு பக்கம் பக்கமாகக் காட்ட உங்களிடம் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. ஓர் ஓவியத்துக்கு வந்து சேர்ந்த வழியைக் காட்ட முடிகிறவரைத் திருடர் என்று நிரூபிப்பது கடினம்.

ஒரு சின்னத் திருத்தம். கடிதம் முழுக்கக் "காப்புரிமை" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டுபிடிப்புகளுக்குத் தருவதுதான் காப்புரிமை, அதாவது பேடன்ட். ஓவியத்துக்கு உள்ளது பதிப்புரிமை. பத்திரிகைகளே இதைக் குழப்பிக்கொள்கின்றன, அதனால் உங்கள்மேல் குறையில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

பாணிக்கு உரிமையாளர் இல்லை

அந்த மூத்த ஓவியரின் பதிவை இரண்டு முறை படித்தேன். "என் பாணி", "என் நிறங்கள்", "பழைய போட்டோவை ஓவியமாக்குவது என் யோசனை" என்கிறார். மூன்றுமே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவதில்லை. சட்டம் காப்பது யோசனையை அல்ல, அந்த யோசனைக்கு ஒருவர் கொடுத்த குறிப்பிட்ட உருவத்தை. 1978-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தன் நாடகத்தைத் திருடிப் படம் எடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் தொடர்ந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு அது. யோசனை, கருப்பொருள், கதைப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு, இது அதன் நகல்தான் என்ற சந்தேகமற்ற எண்ணம் வருகிறதா என்பதே அளவுகோல். நாடக ஆசிரியர் தோற்றார். இன்றும் ஓவிய வழக்குகள் உட்பட எல்லாவற்றுக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம்.

எனவே, "உன் எந்த ஓவியம் என் எந்த ஓவியத்தின் நகல்?" என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதிவில் அப்படி ஒரு ஜோடியைக்கூட அவர் காட்டவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களையும் அவருடைய கண்காட்சிக் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு நேராக ஒரு கோடு போட வராது, ஆனால் நகலுக்கும் சாயலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். இருப்பது சாயல், அதுவும் மெலிதாக.

நோட்டீஸ் வந்தால் பயப்பட வேண்டாம், பதில் தராமலும் இருக்க வேண்டாம். அடிப்படை இல்லாமல் பதிப்புரிமை வழக்கு என்று மிரட்டுகிறவருக்கு எதிராக, மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போகலாம் என்கிறது சட்டத்தின் 60-ஆவது பிரிவு. அதுவரை முகநூலில் ஒரு வரிகூடப் பதில் எழுதாதீர்கள். "திருடி" என்று எழுதியதற்காக அவதூறு வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் கண்காட்சி நடக்கும் வருடத்தை நீதிமன்ற வராந்தாவில் கழிக்க வேண்டுமா?

பெயரைச் சொல்வது வாக்குமூலமா?

இல்லை. "இன்னாருடைய இந்த ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன்" என்று எழுதினால் பிரச்சினை. "இன்னாரைப் பார்த்து வளர்ந்தேன்" என்றால் அது வரலாறு. உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி என்றதும் ஓவியம் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர் சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகப் படுதா எழுதி, உங்கள் ஊரில் வந்து நிலைகொண்டு, தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் தெய்வ முகம் கொடுத்தவர். அவருக்கும் முன்னால் ரவிவர்மா இருக்கிறார். 1894-இல் அவர் தொடங்கிய அச்சகம்தான் தெய்வப் படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனது. சரி, ரவிவர்மா வானத்திலிருந்து குதித்தாரா? திருவிதாங்கூர் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர். பாரிஸில் படித்துவிட்டு வந்த ஓவியர் அம்ரிதா ஷெர்கில் அஜந்தாவைப் பார்த்த பிறகுதான் 1937-இல் தன் தென்னிந்திய ஓவியங்களைத் தீட்டினார். ஜப்பானிய அச்சுப் படங்களை வான்கா எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தே பழகியிருக்கிறார்.

இந்தச் சங்கிலியில் உங்கள் தாத்தாவும் ஒரு கண்ணி. ஆனால் நீங்கள் அனுப்பிய அந்த ஒரு பக்கத்தில் அவர் பெயர் இல்லை. மூன்று ஐரோப்பியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓவியங்களைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் நீங்களே சொல்கிறீர்கள். "காலண்டர் ஆர்ட் என்றால் சிரிப்பார்கள்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கட்டும். வக்கீலாக என் கவலை வேறு. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் கையில் எடுப்பது இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். ஓவியத்தில் படுதா இருக்கிறது, எழுத்தில் ஐரோப்பா இருக்கிறது என்றால், "அப்படியானால் படுதா யோசனை எங்கிருந்து வந்தது?" என்று மடக்குவார்கள். உண்மையை எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தாத்தா எழுதிய படுதாவின் முன்னால் மூன்று வயதில் நீங்கள் நிற்கும் போட்டோவை அனுப்பியிருக்கிறீர்களே, அந்த மூத்த ஓவியரின் குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

30 சதவீதக் கதை

இது ஓவியர்கள், டிசைனர்கள், விளம்பரக்காரர்கள் எல்லாரிடமும் புழங்குகிற கதை. சிலர் 20 என்பார்கள், சிலர் ஐந்து மாற்றம் என்பார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே இல்லை. எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைவிட, எடுத்துக்கொண்டது மூலத்தின் உயிரான பகுதியா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். பின்னணி முழுவதையும் மாற்றிவிட்டு முகத்தை மட்டும் அச்சாக எடுத்திருந்தாலும் அது மீறலாகலாம்.

"வார்ஹோல் எல்லாம் பிறர் போட்டோவைத்தானே எடுத்தார்?" என்று அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலைக் காட்டி நண்பர் கேட்டாராம். எடுத்தார். பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்திலிருந்து வார்ஹோல் செய்த உருவப்படத்தை, வெளியிட, அவருடைய அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு உரிமம் தந்தது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அங்கேயே இந்த நிலை என்றால், அனுமதி கேட்காமல் பயன்படுத்த நம் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தரும் விலக்கு இன்னும் குறுகியது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்குத்தான் அது. விற்பதற்கான ஓவியத்தை அதற்குள் நுழைப்பது கடினம்.

14 ஓவியங்களில் எவை பத்திரம்?

வீட்டு ஆல்பத்திலிருந்து வந்த ஒன்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான். ஸ்டூடியோக்காரர் அல்ல. 17-ஆவது பிரிவு இது. ஸ்டூடியோக்காரர்களே இதைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். உங்கள் தாத்தா பாட்டி காசு கொடுத்து எடுத்த படங்களின் உரிமை வாரிசுகளுக்கு வந்திருக்கும். சித்தப்பா, அத்தை என்று வேறு வாரிசுகள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி, கையெழுத்து வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் கடைப் படங்களுக்கும் இதே விதிதான், ஆனால் இங்கே அது உங்களுக்கு எதிராக நிற்கிறது. 40 ரூபாய் கொடுத்து வாங்கினீர்கள். வாங்கியது காகிதத்தை, உரிமையை அல்ல. பதிப்புரிமை கைமாற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். அந்த முகங்களுக்குச் சொந்தமான குடும்பம் எங்கோ இருக்கலாம். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் ஓவியத்தைப் போலவே, படைத்தவரின் ஆயுளோடு இன்னும் 60 ஆண்டுகள் என்பதுதான் கணக்கு. (மிகப் பழைய படங்களுக்குக் கணக்கு மாறும், எடுத்த வருடம் தெரிந்தால்தான் பார்க்க முடியும்.) உண்மையில் யாராவது தேடி வந்து வழக்குப் போடும் வாய்ப்பு குறைவு. ஆனால் புரொஜெக்டரில் போட்டு வரைந்ததால் இங்கே சாயல் என்ற வாதம் எடுபடாது. என் யோசனை: குடும்பத்தைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் மூன்றையும் கண்காட்சியில் வைக்கலாம், ஆனால் கண்காட்சிக்குப் பிறகு பிரிண்ட், போஸ்டர், கையேட்டு அட்டை என்று பரப்ப வேண்டாம். தேடியதற்கான குறிப்புகளை வைத்திருங்கள். சட்டத்தைத் தாண்டியும் ஒன்று கேட்கிறேன்: அதில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்கிறாள், அந்தக் குழந்தை இன்று உங்கள் கண்காட்சிக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்?

அப்புறம் முருகன். முருகன் எல்லாருக்கும் பொது. வேல், மயில், ஆறுமுகம் எதற்கும் யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட காலண்டர் ஓவியம் ஒருவர் வரைந்தது. "காலண்டர் படம் யாருடையதும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. ரவிவர்மா 1906-இல் மறைந்தார், அவர் படங்கள் இன்று பொதுச் சொத்து. கொண்டையராஜு மறைந்தது 1976-இல். அவர் வாழ்நாளில் வெளியான படங்களின் பதிப்புரிமை 2036 கடைசி வரை இருக்கும். அது வாரிசுகளிடம் இருக்கலாம், எழுதி வாங்கிய அச்சகத்திடமும் இருக்கலாம். உங்கள் காலண்டரின் மூலையில் இருக்கும் கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். கிழித்து ஒட்டியதில் ஏற்கெனவே விற்பனையான ஒரு பிரதியைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள்; உங்கள் பக்கம் வாதிட நல்ல இடமுண்டு. அப்படியே பெரிதாக வரைந்தது நகல். அதை இந்தக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். மனம் கேட்கவில்லை என்றால், காலண்டரை மூடிவைத்துவிட்டு உங்கள் ஞாபகத்தில் இருக்கும் முருகனை வரையுங்கள். படமே வேறாக வரும் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

14 ஓவியங்களைவிட இதுதான் எனக்குக் கவலை. 40 சதவீதக் கமிஷன் என்பது இந்தத் தொழிலில் கேள்விப்படாத ஒன்றல்ல, பேசிக் குறைக்க முயலலாம். ஏழாவது ஷரத்து வேறு மாதிரி: "ஓவியங்களின் அனைத்து உரிமைகளும் உலகம் முழுவதும் நிரந்தரமாகக் கேலரிக்கு மாற்றப்படுகின்றன." இதில் கையெழுத்துப் போட்டால், உங்கள் படுதா ஓவியத்தைச் சேலையில் அச்சிட்டு விற்றாலும் நீங்கள் வாய் திறக்க முடியாது. கண்காட்சி நடத்தவும் விற்றுத் தரவும் அவர்களுக்குப் பதிப்புரிமையே தேவையில்லை. கையேட்டிலும் விளம்பரத்திலும் படத்தைப் போட, கண்காட்சிக் காலத்துக்கு உரிமம் தந்தால் போதும். கால அளவு எழுதாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றும் 19-ஆவது பிரிவு உங்களைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று கவனமாகப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள்.

பதினொன்றாவது ஷரத்து, எந்த வழக்கு வந்தாலும் முழுச் செலவும் உங்களுடையது என்கிறது. "ஓவியர் தெரிந்தே செய்த மீறலுக்கு மட்டும், கேலரி அவருக்குத் தந்த தொகை வரை" என்று சுருக்கக் கேளுங்கள். அந்த மூன்று போட்டோ விஷயத்தையும் கேலரியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு, எதையும் மீறவில்லை என்று உறுதி தருவதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து.

எழுதிக் கொடுத்தாலும் போகாத உரிமை ஒன்று உண்டு. இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும். 57-ஆவது பிரிவு. டெல்லியில் விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு மண்டபத்திலிருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் பிரம்மாண்டமான சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசே பிடுங்கி எடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் விடவில்லை. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்ததைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

பதிவு செய்தால்தான் உரிமை என்று நினைக்கிறீர்கள். வரைந்து முடித்த அன்றே உரிமை வந்துவிட்டது. பதிவு ஒரு சான்று, அவ்வளவுதான். ஓர் ஓவியத்துக்கு 500 ரூபாய் கட்டணம். முக்கியமான இரண்டு மூன்றுக்குச் செய்யுங்கள், 14-க்கும் வேண்டாம்.

இனி அந்த ஒரு பக்கம். ஐரோப்பியர் மூவரையும் எடுத்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தாத்தா படிக்கட்டு வரைவார், ஆனால் எங்கள் வீட்டில் மாடி கிடையாது." அங்கிருந்து தொடங்கலாம். அதை யாரிடமிருந்தும் நீங்கள் எடுத்ததாக எந்த வக்கீலும் சொல்ல முடியாது.

அதற்கு முன்னால், கடையில் வாங்கிய அந்த மூன்று போட்டோக்களையும் அட்டையிலிருந்து மெதுவாகப் பிரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பார்கள், சில சமயம் நெகட்டிவ் எண்ணும் தேதியும் பென்சிலில் இருக்கும். ஊர்ப் பெயர் ஒன்று கிடைத்தால் அந்த வாரமே பஸ் ஏறிவிடுங்கள்.